பசு இலவசம், கயிறு தனி

ஒரு மனிதனுக்கு ஒரு விஷயத்தைப் பற்றிய முதல் அபிப்பிராயம் ஒரே ஒரு தடவைதான் வரும். இதைக் கண்டுபிடிக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. மைசூர் ஹூட்டகள்ளியில் இருக்கிற அந்த விளையாட்டுக் கம்பெனி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே இரண்டாவது மாடி முழுவதும் முதல் அபிப்பிராய இலாகா. இலாகாவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கண்ணாடி அறை, அறைக்கு வெளியே ஒரு பலகை. ‘நீங்கள் இங்கே முதல்முறையாக வருகிறீர்கள்’ என்று அதில் எழுதியிருக்கும். வருஷக்கணக்கில் அங்கே வேலை பார்க்கிறவர்களும் தினமும் அதைக் கடந்துதான் நாற்காலிக்குப் போனார்கள்.

கம்பெனி செய்வது ஒரே ஒரு விளையாட்டு. பெயர் பொன்வயல். கைபேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கினால் ஒரு துண்டு நிலம், ஒரு கிணறு, ஒரு பசு கிடைக்கும். கிணற்றில் எப்போதும் தண்ணீர் இருக்கும். விதைத்த தக்காளி டீ ஆறுவதற்குள் பழுத்துவிடும். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் ஒரு சோப்பு விளம்பரத்தைப் பார்த்தால் உடனே பழுக்கும். மழை வேண்டுமென்றால் ஷாம்பு விளம்பரம். விவசாயத்தின் சிக்கல்களையெல்லாம் இப்படித் தீர்த்து வைத்திருந்த கம்பெனிக்கு ஒரு சிக்கல் தீரவில்லை. முதல் அபிப்பிராயம் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

ஒரு தடவை விளையாட்டைப் பார்த்துவிட்டவரால் இலாகாவுக்குப் பிரயோஜனம் இல்லை. அவரைத் ‘தீர்ந்தவர்’ என்பார்கள். கணக்குப் பிரிவு தீர்ந்தது. சமையல்காரர்கள் தீர்ந்தார்கள். பார்சல் கொண்டுவந்தவரை உட்கார வைத்துத் தீர்த்தார்கள். விளையாட்டைப் பார்த்ததே இல்லை என்ற ஒரே தகுதிக்காகச் சிலரை வேலைக்கு எடுத்தார்கள். மறுநாள் அவர்களும் தீர்ந்து, என்ன வேலை கொடுப்பதென்று தெரியாமல் இலாகாவிலேயே மேலாளர்களாக வைத்துக்கொண்டார்கள். கடைசியில் தீராமல் மிஞ்சியவர் வாசலில் நிற்கிற காவல்காரர் சித்தையன் ஒருவர்தான்.

சித்தையன் ஹனூருக்கு அப்பால் ஒரு கிராமத்துக்காரர். தமிழ் பேசுகிற குடியானவர் வீடு. போர்வெல் வற்றி, மறுபடி போட்டு, அதுவும் வற்றியபின் மைசூருக்கு வந்து காக்கிச் சட்டை போட்டவர். ஜெனரேட்டருக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் இருந்தார். மனைவி மாதேவி ஊரில் கௌரி என்கிற ஒரு பசுவோடு தனியாக இருந்தாள். இனித் தனியாக முடியாது, மைசூருக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். காவல்காரர் மனைவிக்குக் கம்பெனி வளாகத்தில் இடம் உண்டு. பசுவுக்குக் கிடையாது. ஆகவே கௌரியை விற்பதென்று முடிவாயிற்று. சாமராஜநகர் மாட்டு வியாபாரி சென்னப்பன் வியாழக்கிழமை டெம்போவோடு வருவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டிலிருந்து மாடு வெளியே போகாது. வியாழக்கிழமையும் விளக்கு வைத்த பிறகு போகாது. இன்னொன்றும் உண்டு. மாட்டை விற்றாலும் அதன் கழுத்துக் கயிற்றை விற்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றோடு வர வேண்டும். விற்கிறவர் தன் கயிற்றை அவிழ்த்து வீட்டில் மாட்டி வைப்பார். கயிறு வீட்டில் இருந்தால் என்றைக்காவது ஒரு மாடு மறுபடி அந்த வீட்டுக்கு வரும். கட்டிய கைதான் அவிழ்க்கவும் வேண்டும். கௌரி கன்றாக இருந்தபோது அவள் கழுத்தில் கட்டிய கை சித்தையனுடையது.

நிலம் காய்ந்து கிடக்கிறது, வீடு பூட்டப்படப் போகிறது. ஊருக்குத் திரும்பிப் போவோம் என்பதற்கு அந்தக் கயிற்றைத் தவிர அவரிடம் வேறு சாட்சி இல்லை. அதனால் வியாழக்கிழமை அரை நாள் லீவு கேட்டார். முதல் அபிப்பிராய இலாகாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம், அந்த இலாகாத் தலைவர் சுரேந்தர் சார் சரி என்றால் லீவு என்றார்கள்.

காலையில் டிபன் முடிந்ததும் மாடிக்குப் போனார். அஷ்வினி என்கிற பெண் அவருடைய கைபேசியை வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் அபிப்பிராயம் கலங்கிவிடுமாம். பிறகு ஒரு பெரிய திரைக்கு எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு நேரே ஒரு கேமராவைத் திருப்பினாள்.

“இது உங்க முகத்தைப் படிக்கும் அங்கிள். சிரிக்கணும்னு கட்டாயம் இல்ல. சிரிச்சா சொல்ப பேகா முடிஞ்சிடும், அஷ்டே, அவ்ளோதான்.”

சீக்கிரம் முடியும் என்றதும் சித்தையன் சிரித்துப் பார்த்தார். திரையில் வயல் வந்ததும் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அவர் செருப்போடு வயலுக்குள் இறங்கியதில்லை.

வயலில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். வைக்கோல் தொப்பி, நீலக் கால்சட்டை, ரோஜா நிறக் கன்னம். எதற்கோ சிரித்துக்கொண்டே இருந்தான்.

“இவரு ஆருங் மேடம்?”

“நீங்கதான் அங்கிள்.”

சித்தையன் அந்த மனிதனை மரியாதையோடு பார்த்தார். திரையில் ஒரு வெள்ளைக் கை தோன்றி விதைக்கச் சொன்னது, விதைத்தார். தண்ணீர் ஊற்றச் சொன்னது, ஊற்றினார். தக்காளி பழுத்தது. ‘சபாஷ்! நீங்கள் பிறவி விவசாயி!’ என்று திரை முழுக்கப் பூ விழுந்தது. கை அடுத்த வேலையைக் காட்டியது. சித்தையன் நகரவில்லை. கிணற்றடிக்குப் போய் மறுபடி தண்ணீர் இறைத்தார். தேவையே இல்லாமல் வயலுக்கும் வரப்புக்கும் பாதைக்கும் ஊற்றினார். எத்தனை இறைத்தாலும் அது வந்துகொண்டே இருந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

“என்ன தோணுது அங்கிள்? மனசுல முதல்ல வர்றதைச் சொல்லுங்க.”

“தண்ணி இருக்குதுங்,” என்றார்.

அஷ்வினி அதைத் தட்டெழுதினாள். கேமரா அவர் முகத்தைப் படித்து, ‘பயனருக்குத் தூக்கம் வருகிறது’ என்றது.

அப்புறம் பசு வந்தது. வெள்ளையில் பழுப்புத் திட்டு, நீளமான கண்ணிமை, கழுத்தில் சிவப்புக் கயிறு. பெயர் வைக்கச் சொன்னது. சித்தையன் கௌரி என்றார். பால் கறந்தார். கறந்து முடித்ததும் திரை இருண்டு, ஒரே ஒரு பொத்தான் மட்டும் மினுங்கியது. ‘கௌரியை விற்று டிராக்டர் வாங்குங்கள்!’ வெள்ளைக் கை அந்தப் பொத்தானைக் குத்திக் குத்திக் காட்டியது.

சித்தையன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அமுக்குங்க அங்கிள்.”

“அமுக்கறனுங். கவுற எங்கீங் அவுக்கறது?”

“எந்தக் கயிறு?”

“கழுத்துல கெடக்குதே, அதுதானுங். கவுறோட மாட்டக் குடுக்கப்படாதுங்.”

அஷ்வினி திரையை உற்றுப் பார்த்தாள். கயிறு ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. “படம்தானே அங்கிள். சும்னே அமுக்கிடுங்க. முடிஞ்சா நீங்க ஊருக்குப் போலாம்.”

படம்தான் என்று சித்தையனுக்கும் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் அமுக்கியிருப்பார். ஆனால் இன்றைக்கு, ஊரில் கௌரி டெம்போவுக்காகக் காத்து நிற்கிற இதே காலையில், இந்தக் கௌரியைக் கயிற்றோடு கொடுத்தால் அந்தக் கௌரியும் கயிற்றோடு போய்விடுவாள் என்று அவர் மனசில் பட்டுவிட்டது. பட்டதை அவரால் துடைக்க முடியவில்லை.

“இன்னிக்கி மட்டும் வேண்டாமுங் மேடம்,” என்றார். “நீங்களே வேணும்னா அமுக்கிக்கோங்க.”

அது நடக்காது. முதல் அபிப்பிராயத்தை இன்னொருவர் விரல் தொடக்கூடாது. இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகவும் வழியில்லை. விளையாட்டுக் கற்றுக்கொடுக்கிற பகுதி அது, விற்றால்தான் அடுத்தது திறக்கும். பாதியில் எழுந்து போகவும் கூடாது. பாதியில் எழுந்தவர் தீர்ந்தவரிலும் சேரமாட்டார், தீராதவரிலும் சேரமாட்டார். அப்படி ஒரு ஆளை வைத்துக்கொள்ள இலாகாவில் இடமில்லை. அஷ்வினி தலைவரைக் கூப்பிட்டாள்.

சுரேந்தர் வந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் வீட்டோடு சரி. கிராமத்தை அவர் நிறைய ஆராய்ச்சி செய்திருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் காரில் தாண்டும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்.

“நோடி சித்தையன், இங்க பாருங்க,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்க கேம்ல விவசாயி தோக்கறதே கிடையாது. தோத்தா ஜனங்க கேமைப் போன்லருந்தே எடுத்துடுவாங்க. அதனால நாங்க கஷ்டத்தை எல்லாம் எடுத்துட்டோம். பூச்சி எடுத்துட்டோம், ஆனை எடுத்துட்டோம், தரகர் எடுத்துட்டோம். மழை வராம இருக்கறதை எடுத்துட்டோம். இவ்ளோ பண்ணியிருக்கோம், நீங்க ஒரு கயித்துக்காக நிக்கறீங்க.”

“தப்புத்தானுங் சார். அதயும் எடுத்துட்டீங்கன்னா வித்துப்போட்டு நாம் பாட்டுக்குப் போயிருவனுங்.”

நியாயமான கோரிக்கை என்று சுரேந்தருக்கே பட்டது. மாட்டுப் படங்களுக்குப் பொறுப்பானவர் ஒரு கல்யாணத்துக்காக மேல்கோட்டை போயிருந்தார். அவரைப் போனில் பிடித்தார்கள். கயிறும் கழுத்தும் ஒரே படம் என்றார் அவர். கயிற்றை எடுத்தால் கழுத்தும் போய்விடும். கழுத்தில்லாத பசுவை வைத்து ஓட்ட முடியுமா என்று இலாகா கூடிப் பேசியது. பேச்சு முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்தது. சித்தையனுக்குத் தட்டில் பிஸிபேளா பாத் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் பிடிக்க வேண்டிய பஸ் சப்அர்பன் ஸ்டாண்டை விட்டுப் போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. அடுத்ததைப் பிடித்தாலும் விளக்கு வைப்பதற்குள் போய்விடலாம். சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கறனுங் மேடம்.”

“முடிஞ்ச உடனே தரேன் அங்கிள். இப்ப பெட்டியைத் திறந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.” சொல்லும்போது அஷ்வினி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திரையில் வெள்ளைக் கை சலிக்காமல் பொத்தானைக் குத்திக்கொண்டிருந்தது. கௌரி அவ்வப்போது இமை கொட்டினாள், வாலை ஆட்டினாள். ஒவ்வொரு தடவையும் அம்மா என்று கத்தினாள். சித்தையன் கேமரா பார்க்கிறதென்பதை மறந்துவிட்டார். கண்ணீர் தாடி மயிரில் இறங்கியது. கேமரா அதைப் படித்து, ‘வெளிச்சம் போதவில்லை’ என்றது.

“அழறாரு சார்,” என்றாள் அஷ்வினி.

“அழுகைன்னு நம்ம டேட்டாவுல எதுவும் இல்லம்மா,” என்றார் சுரேந்தர் பொறுமையாக. “முன்னாடி அபிப்பிராயம் கேக்கற இடத்துல ஒரு அழற முகம் வெச்சிருந்தோம். நிறையப் பேர் அதையே அமுக்கினாங்க, ரிசல்ட் கெட்டுப்போச்சு. எடுத்தோம். எடுத்ததுக்கப்புறம் ஒருத்தர்கூட அழுததா ரெக்கார்ட் இல்ல.”

பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் விடுகிற சங்கு ஊதியது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. இனியும் உட்கார்ந்தால் இரண்டு கௌரியும் இல்லை என்று சித்தையன் கணக்குப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

நாணயங்கள் கொட்டின. கௌரி திரையின் ஓரத்துக்குச் சறுக்கி, சிவப்புக் கயிற்றோடு மறைந்தாள். ‘சபாஷ்!’ என்றது திரை. கடைசியாக ஐந்து முகங்கள் வந்தன, அபிப்பிராயத்தைத் தெரிவிக்க. ஐந்தும் சிரித்துக்கொண்டிருந்தன, சிரிப்பின் அகலத்தில்தான் வித்தியாசம். சித்தையன் வாயைக் கொஞ்சமாகத் திறந்திருந்த முகத்தைத் தொட்டார். சுரேந்தர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அன்பளிப்பாகப் பொன்வயலை அவருடைய கைபேசியிலேயே இறக்கிக் கொடுத்து, நிம்மதியாக ஊருக்குப் போய்வரச் சொன்னார்.

பெட்டியிலிருந்து வந்த கைபேசியில் மாதேவி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள். சித்தையன் பஸ்ஸிலிருந்து திரும்பக் கூப்பிட்டார். கொள்ளேகால் தாண்டும் வரை மணி அடித்துக்கொண்டிருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாதேவி தொழுவத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். முளைக்குச்சி வெறுமனே நின்றது.

“உங்களுக்குத்தானுங் காத்துட்டு இருந்தேன்,” என்றாள் அவள். “அவரு கவுறு கொண்டாந்திருந்தாரு. நா அவுக்க உடல. கட்டுனவங்க வந்து அவுக்கட்டும், இப்ப வந்துருவாங்கன்னு சொல்லிச் சொல்லி நிறுத்தி வெச்சேன். பொழுது எறங்கிருச்சு. வெளக்கு வெச்சா மாடு போவாது, நாளைக்கி வெள்ளி, எனக்கு வேற லோடு இருக்குதுன்னு ஏத்திட்டாரு. கவுறப் பின்னால குடுத்தனுப்பறேன்னாருங்.”

சித்தையன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மாடியில் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது வேறு யாரோ ஒரு முட்டாளின் கதையாகத் தெரிந்தது. படத்தில் ஒரு மாடு, அதற்குக் கயிறு அவிழ்க்க வழியில்லை, அதனால் உட்கார்ந்திருந்தேன் என்றார். மாதேவி திட்டவில்லை. அவர் செய்தது சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

“அந்த மாட்டுக் கவுறயாச்சும் அவுத்தீங்களா?”

“இல்ல புள்ள.”

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தார்கள். மாதேவி பாத்திரங்களோடு பால் கறக்கிற செம்பையும் கொண்டுவந்தாள்.

கம்பெனியில் அந்த வாரமே பாராட்டுக் கூட்டம் நடந்தது. எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். சித்தையன் வழக்கம்போல வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் சுரேந்தரின் குரல் அவர் வரைக்கும் வந்தது.

“சாதாரணமா நம்ம பசுவை ஜனங்க கண்ணிமைக்கிற நேரத்துல வித்துடுவாங்க. ஆனா ஒருத்தர், நம்ம பசு முன்னாடி ஒரு முழுப் பகல் உக்காந்திருந்தார். சாப்பாட்டைத் தொடலை. வீட்டுக்குக்கூடப் போகலை. ஒரு கேமுக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேணும்? அவர் ஏன் விக்கலைன்னு நாங்க ஆராய்ச்சி பண்ணினோம். அன்பு. அன்புக்கு நம்ம கேம்ல ஒரு பட்டன்கூட இல்லைன்னு நினைக்கும்போது எனக்கு நாச்சிகே ஆகுது, வெட்கமா இருக்கு. இனிமே இருக்கும்.”

பலத்த கைதட்டல் கேட்டது. மேல்கோட்டையிலிருந்து திரும்பிய மாட்டுப் பொறுப்பாளர் கழுத்தையும் கயிற்றையும் தனித்தனியாக வரைந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். அஷ்வினி கூட்டம் முடிந்து போகும்போது ஒரு துண்டு கேக்கைத் தாளில் சுற்றிச் சித்தையனிடம் கொடுத்தாள். ஏதோ சொல்ல வந்தாள். “ஆன்ட்டி சென்னாகிருக்காங்களா, அங்கிள்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

மாதேவி நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. மைசூர் வந்ததிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை. ஜெனரேட்டர் ஓடினால் பேச முடியாது, ஓடாதபோது பேச எதுவும் இல்லை. விடிவதற்கு முன்னே எழுந்து பழகிய உடம்பு எழுந்துவிடும். எழுந்து செய்வதற்கு வேலை இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

சில நாள் கழித்து ஒரு விடிகாலையில் அறைக்குள் கௌரி கத்தினாள்.

மாதேவி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். இருட்டிலேயே செம்பை எடுத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போனாள். எதிரே ஊழியர்களின் இருசக்கர வண்டிகளும் கம்பெனி வேனும் பனியில் நனைந்து நின்றன. அவள் செம்போடு அங்கேயே நின்றாள்.

சித்தையன் தலைமாட்டிலிருந்த கைபேசியை எடுத்தார். மறுபடியும் கத்தியது.

“போனுதான் புள்ள,” என்றார்.

அவள் திரும்பி வாசல்படிக்கு வந்தாள். “என்னங் சொல்லுது?”

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘கௌரி உங்களைத் தேடுகிறாள்! நல்ல செய்தி! இனி உங்கள் பசுவின் கயிற்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே விற்ற பசுவின் கயிறும் திரும்பக் கிடைக்கும். மூன்று விளம்பரங்கள் பார்த்தால் போதும்!’

அவ்வளவையும் அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“கவுறத் திருப்பிக் குடுக்கறாங்களாம்,” என்றார்.

மாதேவியின் முகம் மலர்ந்தது. மைசூருக்கு வந்தபிறகு அப்படி ஒரு முகத்தை அவர் பார்க்கவில்லை. கேமரா பார்த்திருந்தாலும் சரியாகவே படித்திருக்கும்.

“நாஞ் சொன்னனல்லங்,” என்றாள். “சென்னப்பன் வாக்குத் தவறமாட்டாருன்னு. எப்பங் வருது?”

சித்தையன் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்வதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடினார். பிறகு முதல் விளம்பரத்தை அமுக்கினார். சோப்பு விளம்பரம் ஓடி முடிகிற வரைக்கும் மாதேவி செம்பைக் கீழே வைக்காமல் பக்கத்திலேயே நின்றாள்.